எல்லாம் மாலுமியின் வேலை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. இதுவரை இதில் ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன் என்றால், வீட்டில் வாய்விட்டுக் கத்த முடியாது என்பதால்தான். கத்தினால் பாப்பா எழுந்துவிடுவாள். எழுந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பது யார்? நான்தான்.

காலையில் பாப்பாவின் துணிகளைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடித்துக் கூடையில் வைத்தேன். அடுப்பை அணைக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் பூனை கூடைக்குள் ஏறிக் குந்தியிருந்தது. முதுகை வளைத்து, வாலை நடுக்கி, என் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே மூத்திரம் போனது. முடித்துவிட்டு அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

பூனையின் பெயர் மாலுமி. சாம்பல் நிறக் கடுவன், ஒரு காது பாதிதான் இருக்கிறது. மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று அவருக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அதோடு கிரேனுக்கு அடியில் கிடந்த இந்தக் குட்டியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அத்தை இறந்த பிறகு மாமா இந்த வீட்டில் அதிகம் பேசுவது மாலுமியிடம்தான். என்னிடம் பேசுவது "போதும்மா" என்ற ஒரு சொல். நான் பேசுவது "சாப்பிட வாங்க மாமா". எங்களுக்குள் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. மாமனாரும் மருமகளும் இந்த வீட்டில் அப்படித்தான்.

நாசரேத்தில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதம் பாப்பாவோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து பூனைக்கு என்மேல் காட்டம். ஜூலை 14 பாப்பாவுக்கு ஞானஸ்நானம். மதுரையிலிருந்து மைனி குடும்பத்தோடு வந்து இங்கேதான் தங்குவார்கள். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. மூக்கு ரொம்பக் கூர்மை.

ஜூன் 4

துணிகளை மறுபடி துவைத்தேன். நாற்றம் போகவில்லை. மறுபடியும் துவைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பேறுகால விடுப்பு முடிய இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரை அம்மோனியாவோடு சேர்த்தால் என்ன வாயு வரும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். மூத்திரத்திலும் அம்மோனியாதான். என் வீட்டுக்காரர் ஜெபசிங் அத்தான், பூனை போன இடத்தில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு, "முடிஞ்சிட்டு, இனி வராது" என்றார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்னட்டி, சுத்தம் பண்ணுனாலும் தப்பா?"

"அத்தான், இதுல வார புகைய மோந்தா பிள்ளைக்கு மூச்சு முட்டும். வினிகர் போதும்னு நூறு தடவ சொல்லிட்டேன்."

"வினிகர் ஊறுகாய்க்குல்லா?"

இவர் துறைமுகத்தில் கிளியரிங் கம்பெனியில் மேலாளர். இவரை நம்பித்தான் கப்பல் கப்பலாகச் சரக்கு போகிறது.

மாலுமிக்கு மாமா ஒரு பிளாஸ்டிக் பேசினில் தேரி மணல் போட்டு வைத்திருக்கிறார். சிவப்பு மணல். பூனை அதில் போய்விட்டு வந்தால் வீடெல்லாம் சிவப்புக் கால் தடம். இன்று மதியம் நடையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், இன்னொரு குட்டை. கால் தடம் எதுவும் இல்லை. தடம் இல்லாமல் நடக்கவும் பழகிவிட்டது போல.

"மாமா, மாலுமியா?" என்று கேட்டேன். மாமா தன் அறை வாசலில் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்றார். நான் துணி எடுத்துவருவதற்குள் தன் தோள் துண்டைப் போட்டுத் துடைத்துவிட்டார். பூனையை வளர்க்கிறவருக்கு அந்தப் பொறுப்பாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

இப்போது எறும்பு வேறு. மாமாவின் சாய்வு நாற்காலிக்குக் கீழே காய்ந்துபோன ஒரு திட்டு, அதைச் சுற்றிக் கடி எறும்பு வரிசை கட்டியிருக்கிறது. பாப்பா தவழ ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்குத் தரையில் எது கண்ணில் பட்டாலும் வாய்க்குப் போக வேண்டும். எறும்புப் பொடி போட முடியாது, அதையும் தின்பாள். மஞ்சள் தூள் போட்டேன். மஞ்சளும் தேரி மணலும் சேர்ந்து ஹால் கோயில் கொடைவிழா நடந்த இடம் மாதிரி கிடக்கிறது.

மாமா கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு எங்கேயாவது சிந்தியிருப்பார். இப்போதெல்லாம் அவருக்கு அடிக்கடி காபி வேண்டும், அடிக்கடி தண்ணீரும் வேண்டும். காலையில் நிரப்பிய குடம் மதியம் பார்த்தால் காலி. வெயில் அப்படி.

ஜூன் 15, சனி

இந்த வீட்டில் தன் துணியைத் தானே துவைக்கிற ஒரே ஆண் மாமாதான், இதை எழுதி வைக்க வேண்டும். வெள்ளை வேட்டியை விட்டுவிட்டார். நீலக் கைலிதான் கட்டுகிறார். விடிந்ததும் அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டுவிடுகிறார். "குடுங்க மாமா, நான் மெஷின்ல போடுதேன்" என்றேன். கையிலிருந்த கைலியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "போதும்மா" என்றார். பாவம், எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று நினைக்கிறார்.

மகனையும் எழுத வேண்டும். ஈரக் கைத்துண்டு கட்டில்மேல், சாக்ஸ் ஃபிரிட்ஜ்மேல். நேற்று நடையில் குட்டையைத் தாண்டிக் குதித்துப் போய், "பியூலா, இங்கன ஈரம் கெடக்கு" என்று எனக்குத் தகவல் சொன்னார்.

ஜூன் 19, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, பாப்பாவை மடியைவிட்டு இறக்காமல் எழுதுகிறேன்.

அடுப்பில் பால் பொங்கியது. திரும்பிப் பார்த்தால் பாப்பாவை ஹாலில் காணோம். நடையில் உட்கார்ந்து, குட்டையில் இரண்டு கையாலும் தப்புத் தப்பென்று தட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் தெறித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கையை அப்படியே வாயில் வைத்தாள்.

தூக்கினேன், கழுவினேன், டாக்டருக்குப் போன் போட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றுப்போக்கு வந்தால் கூட்டிவாருங்கள் என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

அத்தான் சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "இந்த வீட்ல ஒண்ணு பூன இருக்கணும், இல்ல நானும் பாப்பாவும் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. நாசரேத்துக்கு ஏழு மணிக்கு பஸ் இருக்கு."

"எப்பா, கேட்டியளா?" என்று அத்தான் உள்ளே பார்த்துக் கத்தினார்.

மாமா அறையிலிருந்து வெளியே வந்தார். பூனை அவர் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்த்தார். அவர் வாய் எதற்கோ திறந்தது. அத்தான் விடவில்லை.

"பிள்ள வாயில மூத்திரம் போயிருக்குப்பா! இனிமேலும் உங்களுக்குப் பூனதானா?"

"கொண்டு போய் விட்ருல" என்றார் மாமா.

ஜூன் 20, வியாழன்

எங்கள் ஊரில் பூனையை விடுவது என்றால் சாக்கில் போட்டு, கண் தெரியாமல் கொண்டுபோய், மீன் கிடைக்கிற இடத்தில் விடுவார்கள். வழி தெரியாது, பட்டினியும் கிடக்காது. அத்தான் உரச்சாக்கு ஒன்று கொண்டுவந்தார். பூனை அவர் கையில் சிக்கவில்லை. பீரோவுக்கு மேல், கட்டிலுக்கு அடியில் என்று கால் மணி நேரம் ஓடியது. கையில் இரண்டு கீறல்.

கடைசியில் மாமா தரையில் உட்கார்ந்தார். சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "வாடா" என்றார். அவ்வளவுதான். மாலுமி நேராக வந்து உள்ளே போய்விட்டது.

அத்தான் சாக்கின் வாயைக் கட்டி பைக்கில் வைத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். மாமா தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், குடித்தார். பேசினில் இருந்த மணலைப் பின்பக்கம் கொட்டிவிட்டுப் பேசினைக் கழுவிக் கவிழ்த்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

ஜூன் 21

வீடு சுத்தம். மாமா இரவும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை.

ஜூன் 24, திங்கள்

நடையில் குட்டை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் டை கட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் பூனையா இருக்கும்ட்டி. ஜன்னல் வழியா வந்திருக்கும்."

"பக்கத்து வீட்ல நாய்லா வளக்காவ."

"அப்பம் நாய்."

இவரைப் படிக்கவைக்க மாமா ஓவர்டைம் பார்த்தாராம்.

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். பின்கதவைச் சாத்தி வைத்தேன்.

ஜூன் 25

மறுபடியும். எறும்போடு.

ஜூன் 26, புதன்

வேலை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது எனக்கே புரியும்.

எறும்பு சர்க்கரைக்குத்தான் வரும். பூனைக்கும் சர்க்கரை வியாதி வருமாம், சரி. ஆனால் பூனை இங்கே இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறது.

குடம் குடமாகத் தண்ணீர். வேட்டி போய்க் கைலி வந்தது. விடிந்ததும் அலசல். தடம் இல்லாத குட்டைகள், எல்லாமே அவர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில். மாமாவின் சட்டை தோளில் தொங்குகிறது, நான் வெயிலால் மெலிந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். இத்தனையும் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதை எழுதிக் கொடுத்திருந்தால்கூட விடை கண்டுபிடித்திருப்பேன்.

கூடையில் போனது மாலுமிதான். அதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு தடவைக்குப் பிறகு நடந்ததையெல்லாம் கேட்காமலே அதன் கணக்கில் எழுதிவிட்டேன். மாமாவும் "ம்" என்று சொல்லிவிட்டார்.

கோபம் வருகிறது. பிள்ளை வாயில் போனதே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே. அப்புறம் அவர் வாய் திறந்தது ஞாபகம் வருகிறது. அப்புறம் சாக்கு ஞாபகம் வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அத்தானிடம் சொல்ல முடியாது. அவர் மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். அன்று சாயங்காலமே மைனிக்குப் போன் போய்விடும், மைனி அங்கிருந்து டயப்பர் வாங்கி அனுப்பிவிடுவார். மாமாவிடம் நானே கேட்பதா? "மாமா, நீங்கதானா?" என்று எந்த வாயால் கேட்பது? கப்பலுக்கு மேலே, அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து சரக்கு இறக்கின மனுஷன். இதைக் கேட்டால் அவர் நாளைக்கு என் கையால் சோறு வாங்கமாட்டார்.

ஜூன் 28, வெள்ளி

பாப்பா வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியதால் வாங்கிய மெஷின் பீரோவில் இருந்தது. காலையில் எல்லாரும் இருக்கும்போது வெளியே எடுத்தேன்.

"இந்த ஸ்டிரிப் எல்லாம் இந்த மாசத்தோட காலாவதி ஆவுது. வீணாப் போறதுக்கு எல்லாரும் பாத்துருவோம்."

"எனக்கென்ன சக்கரை?" என்றார் அத்தான்.

"விரல நீட்டுங்க."

அவருக்குச் சரியாக இருந்தது. எனக்கும் சரி. மாமா நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குப் போகப் பார்த்தார். "மாமா, ஒரு நிமிஷம்" என்றேன். எனக்கே என் குரல் டீச்சர் குரலாகக் கேட்டது. அவர் உட்கார்ந்து விரலை நீட்டினார். கிரேன் நெம்புகோல் பிடித்த விரல், ஊசி இறங்கவே இல்லை, இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

நானூறைத் தாண்டிக் காட்டியது.

அத்தான் மெஷின் பழுது என்றார். புது ஸ்டிரிப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. அத்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமில்லாமல் ஆபீசுக்கு லீவு சொன்னார். அவரிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 29, சனி

டாக்டர் மாமாவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். தாகம் எடுக்குதா, எடை குறைஞ்சுதா. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "யூரின் அடக்க முடியுதா ஐயா? போறதுக்குள்ள வந்துருதா?" என்று கேட்டதும் மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பாப்பா அழுதா, கொஞ்சம் வெளிய கொண்டு போறேன்" என்று எழுந்தேன். "அத்தான், நீங்களும் வாங்க, பையப் பிடிக்கணும்."

பாப்பா என் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையப் பிடிங்க" என்றேன்.

மாமா வெளியே வந்தபோது கையில் மாத்திரைச் சீட்டு. சர்க்கரை இறங்கினால் மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கு அது போதும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றால், அதுவரை? அதுவரை நடையில் குட்டை வரும். அத்தான் தாண்டிக் குதிப்பார். "யாரு?" என்று கேட்பார். இந்த வீட்டில் பதில் சொல்ல இப்போது பூனை இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

பாப்பாவை முதல் தடவையாக மாமாவிடம் தனியாக விட்டுவிட்டுப் போனேன். "கடைக்குப் போயிட்டு வாரேன் மாமா" என்றேன். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையும், கொடியில் கிடந்த மாமாவின் பழைய கைலியும் எடுத்துக்கொண்டேன். என்ன கடை என்று அவர் கேட்கவில்லை.

மீன்பிடித் துறைமுகம் முழுக்கப் பூனை. எல்லாம் சாம்பல் நிறம். ஏலம் போடுகிற கொட்டகைப் பக்கம் மீன் விற்கிற அக்கா ஒருவரிடம், பாதிக் காது உள்ள கடுவனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த மொதலாளியா? சாளையப் போட்டா மோந்துகூடப் பாக்க மாட்டேங்கி. நெத்திலிதான் வேணுமாம். அந்தா பாரு, ஐஸ் பெட்டிக்குப் பின்னால."

மாலுமி என்னைப் பார்த்ததும் காதை மடக்கிச் சீறியது. எனக்கும் அதைப் பார்க்க அப்படியொன்றும் ஆசை இல்லை. மீன் தண்ணீரில் புடவை நனையக் குந்தி, கைலியைத் தரையில் விரித்தேன். தள்ளி நின்று மோந்தது. கிட்டே வந்து மோந்தது. அப்புறம் அதன்மேல் ஏறி நாலு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. கைலியோடு சேர்த்துத் தூக்கிக் கூடையில் போட்டேன். முழங்கையில் கீறிவிட்டது.

"எதுக்கும்மா திரும்பக் கொண்டு போற? வீட்ல எலியா?"

"இல்லக்கா. வீட்ல ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணும்."

ஆட்டோக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினார்.

கூடையை ஹாலில் திறந்ததும் மாலுமி நேராக மாமாவின் மடிக்குப் போனது. மடியில் ஏற்கெனவே பாப்பா இருந்தாள். மாமா என்னைப் பார்க்கவில்லை. பூனையின் தலையில் கை வைத்தார். பிறகு பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூக்கைச் சிந்துகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அத்தான் சாயங்காலம் வந்து அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏட்டி, உனக்கு என்னதான் வேணும்? நீதான கொண்டு போய் விடச் சொன்ன? இந்தா பாரு, என் கையில கீறல்கூட ஆறல!"

"எலி வந்துட்டு அத்தான்."

ஜூலை 4, வியாழன்

அத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து நடையில் குட்டை. அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாளியை ஓங்கி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாலுமி! சவத்து மூதி! வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? இங்க வா, உன் வாலப் பிடிச்சுத் தூக்கிப் போடுதேன்!"

மாலுமி அப்போது வெளியே காம்பவுண்டுச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சும்மா விடாமல் இன்னும் நாலு வார்த்தை ஏசினேன். உண்மையில் ஏச நன்றாகவே இருந்தது.

மாமா அறை வாசலில் நின்றார்.

"யம்மா, அத ஏசாத."

"இல்ல மாமா, ஏசினாத்தான் அடங்கும்."

"அது இல்லம்மா." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான்."

நான் வாளியைப் பார்த்தேன்.

"எல்லாம் நாந்தான். போறதுக்குள்ள வந்துருது. பிள்ள வாயில போனதும் என்னோடதுதான். சொல்லணும்னுதான் வந்தேன். அவன் கத்துனான். வாய் வரல." வெளியே சுவர்ப்பக்கம் பார்த்தார். "சாக்க நாந்தானம்மா விரிச்சுப் பிடிச்சேன். என்னைய நம்பித்தான் உள்ள போச்சு."

அழுதார். எங்கள் அத்தை செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை. சொல்ல வந்தது வேறு, வந்தது இதுதான்.

"தெரியும் மாமா."

"எப்பம் தெரியும்?"

"பூன போன பெறவும் எறும்பு வந்தப்ப."

மாமா கண்ணைத் துடைத்தார். "அப்பம் எதுக்கு அதப் போய்க் கூட்டிட்டு வந்த?"

"நீங்க பேசிக்கிட ஆளு வேணும்லா?"

அது பாதிதான் உண்மை. மீதி அவருக்கும் புரிந்திருக்கும். கையை நீட்டி மாப்பைக் கேட்டார். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கொடுத்தேன். மூலை மூலையாக, நான் துடைப்பதைவிட நன்றாகத் துடைத்தார். முடித்துவிட்டு, "ஜெபசிங்குட்ட சொல்லிராத. அவன் அக்காட்டயும்" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

நாங்கள் இருவரும் இந்த வீட்டில் இவ்வளவு பேசியது இன்றுதான்.

ஜூலை 10, புதன்

சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் மாமா தானே விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கருப்பட்டி இல்லாத காபியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார், சுளித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்க்கிறார். பார்க்கட்டும். மூன்று நாளாக நடை காய்ந்து கிடக்கிறது.

மைனி நாளை மறுநாள் வருகிறார். திரை துவைக்க வேண்டும், மெத்தை காயப்போட வேண்டும், கேக் சொல்ல வேண்டும். அத்தான் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார். எதற்கு? இவர் இருக்கிறாரே.

ஜூலை 14, ஞாயிறு

கோவிலில் பாப்பா ஞானஸ்நானம் கொடுக்கிற ஐயர் கைக்குப் போனதும் அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் தலையில் பட்டதும் சபையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அப்பாவின் பிள்ளை.

வீட்டுக்கு வந்து வெள்ளைக் கவுனைக் கழற்றி, மாமாவின் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு, பாப்பாவுக்குப் பருத்திச் சட்டை மாட்டினேன். ஹாலில் பந்தி. மைனி, மைனி வீட்டுக்காரர், பிள்ளைகள், கோவில் ஆட்கள், அத்தானின் ஆபீஸ் ஆட்கள். நான் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

அப்போது மாமாவின் அறையிலிருந்து சத்தம். "யம்மா பியூலா! ஓடி வா!"

விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டியை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடுவதற்குள் மாமாவே வெளியே வந்துவிட்டார். ஒரு கையில் ஞானஸ்நானக் கவுன். மேலே தூக்கிப் பிடித்திருந்தார், அதன் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் பந்தி முழுக்கப் போனது. காலுக்கடியில் மாலுமி வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"இது நான் இல்லம்மா!" முகமெல்லாம் சிரிப்பு. "அவன்தான்! ஏறிக் குந்துனான், என் கண்ணால பாத்தேன்! இது நான் இல்ல!"

ஹாலில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கவுன் நான் இரண்டு நாள் தேடி வாங்கியது. எனக்கு ஆத்திரம் வர வேண்டும். வந்தது சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்பா, என்ன சொல்லுதிய?" என்றார் மைனி. "நீங்கன்னு இப்பம் யாரு சொன்னா?"

மாமாவுக்கு அப்போதுதான் சுற்றிலும் ஆள் இருப்பது தெரிந்தது. கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய பழியையும் மாலுமிமேல் போட்டு ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் கண் வேண்டாம் என்றது.

அத்தான் இலையிலிருந்து எழுந்து வந்தார். கையெல்லாம் கறி. "எப்பா, அப்பம் முன்னால நடையில..."

"முன்னால நாந்தாம்ல" என்றார் மாமா. சத்தமாகவே சொன்னார். "சக்கரை. இப்பம் இல்ல."

அத்தானின் முகம் எப்படியெல்லாமோ போனது. சாக்கு, பைக், தன் கத்தல் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரரை நான் எவ்வளவோ திட்டி எழுதியிருக்கிறேன், இதையும் எழுத வேண்டும். கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, ஈரம் சொட்டுகிற அந்தக் கவுனை அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குடுங்கப்பா, நான் அலசிட்டு வாரேன்." பின்கதவு வரை போனவர் திரும்பினார். "இத எப்பிடி அலசணும்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மகனுக்குப் பின்னால் நடந்தார்.

"வாலே, நான் சொல்லித் தாரேன். எனக்கு நல்ல பழக்கம்."